பழத்தின் நிறமும் என் பெருங்குடலும்

முதலில் வலி வரவில்லை. அவசரம்தான் வந்தது. ஓசூரில் வண்டிகளுக்கான ஒயர் கட்டுகள் தயாரிக்கும் கம்பெனியில் நான் ஆபரேட்டர். லைன் ஓடும்போது எழுந்து போவதென்றால், நம் இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். அவர் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். "மஞ்சுக்கா, உங்க வூட்ல பாத்ரூம் இல்லியா? எல்லாத்துக்கும் இங்கயே ஓடறீங்க?" என்று பக்கத்துப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பிறகு ரத்தம் வந்தது. மூலம் என்று நானே முடிவு கட்டி, மெடிக்கலில் களிம்பு வாங்கிப் போட்டேன். நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறோம், நீங்களும் செய்திருப்பீர்கள். யூனிஃபார்ம் பேன்ட் இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

ஓசூர் டாக்டர் கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்தார். அல்சரேட்டிவ் கொலைடிஸ் (பெருங்குடலின் உட்சுவரில் புண் உண்டாகி, ஆறுவதும் மறுபடி கிளம்புவதுமாக இருக்கும் நோய்) என்றார்.

"முழுசா போகாதும்மா. மாத்திரையால அடக்கி வைக்கலாம். அடங்கலைன்னா பெருங்குடலையே எடுக்க வேண்டி வரும்."

என் கணவர் வெங்கடேசன் என் கையைப் பிடித்தார். நான் டாக்டரின் மேசையில் இருந்த பிளாஸ்டிக் குடல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்துபோனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் பயம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, மனசு அப்படி இருந்தது. அந்த மரப்பு அன்றைக்கே போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

மாத்திரைகளில் புண் அடங்கியது. பல மாதங்கள் எல்லோரையும்போல வேலைக்குப் போய்வந்தேன். அப்போதுதான் டாக்டர் மெதுவாகப் பழம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார், குறிப்பாக நிறமுள்ள பழம். ஏன் என்று கேட்டேன்.

"நாவல்பழம், கறுப்பு திராட்சைக்கெல்லாம் ஊதா நிறம் குடுக்கறது ஆந்தோசயனின்னு ஒரு நிறமி. அதுல பெரும்பகுதி சிறுகுடல்ல சேராது, பெருங்குடலுக்கு இறங்கிடும். அங்க இருக்கற பாக்டீரியாதான் அதை உடைக்கும். உடைச்சதுல கொஞ்சம் நமக்கு ஆகும். நல்ல பாக்டீரியா பெருகவும் அது உதவலாம். எவ்வளவு உதவும்னு இன்னும் உறுதியாத் தெரியாது. அதனால இது சாப்பாடு, மருந்து இல்ல."

கடைசி வாக்கியம் என் கணவரின் காதில் ஏறவேயில்லை. அவர் சூளகிரிப் பக்கம் தக்காளி பயிரிடுபவர். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். வயலில் மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிருக்குச் சாணமும் வெல்லமும் கரைத்து ஊற்றுபவருக்கு, என் வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிருக்குத் தீனி போடுவது பிடித்துப்போனது. திராட்சை, மாதுளை என்று தினமும் ஒரு பை வரும். "உள்ள இருக்கற உன் ஆளுங்க சாப்ட்டாங்களா?" என்று கேட்பார். "அவங்க சாப்ட்டாங்க, எனக்குத்தான் இன்னும் சோறு போடல" என்பேன்.

ஒருநாள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து டிராகன் பழம் கொண்டுவந்தார். அறுத்தால் உள்ளே ரத்தச் சிவப்பு. மறுநாள் கழிப்பறையிலும் சிவப்பு.

"பழத்தோட கலருடி அது. என் கை பாரு, கழுவியும் போவல," என்றார் அவர். அது உண்மையும்கூட. சிவப்பு டிராகன் பழத்தின் நிறமி பீட்ரூட்டில் இருக்கும் வகையைச் சேர்ந்தது. சிலருக்கு அப்படியே வெளியே வரும். அதனால் அமைதியாக இருந்தோம். பழமும் தொடர்ந்து வந்தது, சிவப்பும் தொடர்ந்து வந்தது. லைனில் மறுபடி ரிலீவரைத் தேடி என் கண் அலைய ஆரம்பித்தபோதுதான் டாக்டருக்குப் போன் செய்தேன்.

"சிவப்பா எதுவும் சாப்பிடாதீங்க. பழத்தை நிறுத்துங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க. அப்புறமும் சிவப்பா வந்தா, அது பழம் இல்ல. ஓட்டமா ஓடி வாங்க," என்றார்.

வெறும் தயிர்சோறு சாப்பிட்டேன். சிவப்பு நிற்கவில்லை.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு இந்த ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சந்தேகம் வந்த அன்றே நிறமுள்ள பழத்தை விட்டுப் பாருங்கள். கூடவே அவசரமோ வலியோ காய்ச்சலோ இருந்தால் அதற்கும் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

என்னை மாநில எல்லையைத் தாண்டிப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டீராய்டு ஊசி (வீக்கத்தை வேகமாகக் குறைக்கும் மருந்து) போட்டார்கள். அதற்கு மேலான ஊசியும் போட்டார்கள். வயிறு உப்பிக்கொண்டே போனது. பிந்தி வந்ததாலா என்று கேட்டார் என் கணவர். முன்பே வந்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம், சொல்ல முடியாது என்றார் அறுவை மருத்துவர். "இப்ப குடல் ரொம்ப வீங்கியிருக்கு. ஓட்டை விழுந்தா உயிருக்கே ஆபத்து. இன்னைக்கே எடுத்துடணும்."

"முழுசாவா சார்? பாதியாவது வுட்டு வெக்க முடியாதா?" மண்டியில் வியாபாரியிடம் பேசுவதுபோலக் கெஞ்சினார் என் கணவர். "கால்வாசியாவது?"

"எடுத்துடுங்க," என்றேன் நான். யாரோ பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் சொன்னதுபோல இருந்தது.

கண் விழித்தபோது வயிற்றின் வலப்பக்கம் இலியோஸ்டமி (சிறுகுடலின் முனையை வயிற்றுத் தோலில் திறப்பாக வைத்து, கழிவைப் பையில் சேர்ப்பது) இருந்தது. கன்னடக்கார நர்ஸ் பை மாற்றக் கற்றுக்கொடுத்தார். "நோடிம்மா (பாரும்மா), தொட்டுப் பாருங்க, வலிக்காது." தொட்டேன். சிவந்து ஈரமாக இருந்தது. என் குடலை நானே தொடுகிறேன் என்பது தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. என் கணவர் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

வீடு திரும்பி வெகுநாள் கழித்து, தோல் இல்லாமல் வடிகட்டிய பழச்சாறு குடிக்கலாம் என்றார்கள். காலையில் கறுப்பு திராட்சைச் சாறு குடித்தேன். மதியம் சோற்றுக்கு உலை வைத்தபோது பையைப் பார்த்தால், உள்ளே ஊதா. முன்பெல்லாம் தின்றது தொண்டையைத் தாண்டினால் மறந்துவிடுவேன், மறுநாள்வரை அதற்கும் எனக்கும் பேச்சில்லை. இப்போது என் காலை வேளை மதியத்துக்குள் வயிற்றின் மேலேயே தெரிகிறது. உடம்பில் எனக்குத் தெரியாத இடம் குறைந்துபோய்விட்டது.

அடுத்த முறை போனபோது ஓசூர் டாக்டரிடம் இதைச் சொன்னேன்.

"அப்படித்தான் வரும். நிறமி நிறைய உறிஞ்சப்படாம கீழ போகுதுன்னு உங்களை மாதிரி பை வச்சவங்க மூலமாத்தான் ஆராய்ச்சி பண்றவங்க கண்டாங்க."

"கீழ அதை வாங்கிக்க எனக்கு இப்ப யாரும் இல்லியே டாக்டர்."

"பெரும்பாலும் இல்லம்மா," என்றார். சமாதானம் சொல்லாமல் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

"அப்ப நான் பழம் எதுக்குச் சாப்பிடணும்?"

"சத்து கொஞ்சம் சேரும். மத்தபடி ருசிக்குச் சாப்பிடுங்க."

வெளியே வந்ததும் என் கணவர் பழவண்டிக்காரரிடம் மாதுளையைப் பொறுக்கத் தொடங்கினார். வேண்டாம் என்று சப்போட்டாவைக் காட்டினேன்.

"அதுல என்னா இருக்குது? கலரே இல்லியே."

"எனக்குப் பிடிக்கும்," என்றேன்.

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. நோய் வந்ததிலிருந்து வராத அழுகை. பட்டப்பகலில், பழவண்டி முன்னால், ஒரு கையால் வயிற்றுப் பையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.