முந்நூறு மரத்துக் கொலை

இதை எழுத எனக்குப் பல வருடம் கை வரவில்லை. கொப்பியை எடுப்பேன், மூடி வைப்பேன். எழுதினால் சபையார் என்னை என்னவென்று நினைப்பார்களோ என்ற பயம்தான். வேறு காரணம் சொன்னால் பொய்.

தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையில் குருவிட்டப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டினேன். ஒரு காலை பீலியில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றாள் என் மனைவி. அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பிராக்காரன் முந்தப் பார்த்தான், இவள் விடவில்லை. அவன் நிறைவாளியை வீசி அடித்தான். அது அவள் வயிற்றில் பட்டது. பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை.

தோட்டத்துப் பெரியவர்கள் கூடி அவனை என் காலில் விழவைத்தார்கள். நானும் ஞாயிறு ஆராதனையில் எழுந்து, “ஆண்டவருக்காக அவனை மன்னித்துவிட்டேன்” என்று சாட்சி சொன்னேன். சபை அழுதது. பாஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

மறுநாள் முதல் மரத்தில் கத்தியை வைத்ததும் அவன் கழுத்து தெரிந்தது. வெட்டினேன். அடுத்த மரத்திலும் வெட்டினேன். முந்நூறு மரம், முந்நூறு தடவை. சில மரத்தில் அவன் கெஞ்சுவான், சிலதில் ஓடுவான். வீட்டுக்கு வந்து கை கழுவி, முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுவேன். யார் மேலும் கை வைக்கவில்லையே, நினைப்புதானே என்று இருந்தேன்.

பால் வெட்டுகிறவன் பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும். கத்தி உள்கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முண்டு முண்டாகிப் பாழாகிவிடும். ஒருநாள் வேலையை மேற்பார்க்கும் வெளிக்கள மாத்தயா என் மரத்தைத் தடவிப் பார்த்துக் கத்தினார்.

“மே மொகத? என்னடா இது? பால் வெட்டுறியா, ஆளை வெட்டுறியா?”

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு காயம் கண்டால் வேலை நிற்கும் என்றார்.

காயம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அதன்பிறகு மாத்தயா கண்ணில் ஒன்றும் படவில்லை. ஆண்டவர் மறைக்கிறார் என்று ஸ்தோத்திரம் சொன்னேன். இதைத்தான் எழுத இத்தனை வருடம் கூசியது.

மழையில் வேலை கெட்ட வாரங்களில் ஞாயிறும் வெட்டு இருக்கும். நான் ஞாயிறு வெட்டமாட்டேன், என் மரங்களை அந்த அடுத்த காம்பிராக்காரனுக்குக் கொடுப்பார்கள், அவனும் பால் வெட்டுகிறவன்தான். அப்படி ஒரு ஞாயிறு, மரத்தடியில் விட்டுவந்த கத்தியை எடுக்க, வெள்ளைச் சட்டையோடு ஆராதனைக்கு முன் போனேன். அவன் என் மரத்தில் குனிந்து எதையோ தோண்டிக்கொண்டிருந்தான். காயம் போட்டு என் சோற்றில் மண் போடுகிறான் என்று நினைத்தேன்.

கத்தி கையில் வந்ததும் மீதியை யோசிக்கவே இல்லை. தலைமயிரைப் பிடித்து முகத்தை மரத்தில் அறைந்தேன். மூக்கு உடைந்தது. மறுபடி அறைந்தேன். கத்தியைக் கழுத்தில் வைத்தேன், தோல் கிழிந்தது. கைக்கு அந்த வழி நன்றாகத் தெரிந்திருந்தது.

“அண்ணே, மரத்தப் பாருங்கண்ணே… அப்புறம் வெட்டுங்க.”

பார்த்தேன். என் பழைய காயத்தில் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசியிருந்தது. மேலே பட்டைத்தூள் அப்பியிருந்தது. பக்கத்து மரத்திலும் அப்படித்தான்.

“ஏன்டா?”

“மாத்தயா கண்டா ஒங்கள நிப்பாட்டிருவாருண்ணே. எனக்கும் பயந்தான், நான் போட்டேன்னு சொல்லிட்டா?” இரத்தத்தைத் துப்பினான். “இதெல்லாம் எனக்கு விழுந்த வெட்டுன்னு எனக்குத் தெரியும். பூசுறப்பல்லாம் கழுத்தைத் தொட்டுப் பாத்துக்குவேன்.”

அவன் இரத்தம் பட்டை வழியாக இறங்கிச் சிரட்டைப் பாலில் சொட்டியது. அதைப் பார்த்ததும் கத்தி விழுந்துவிட்டது. நான் விட்டேன் என்று சொல்லமாட்டேன்.

வீட்டில் மனைவி என் சட்டைக் கையைப் பார்த்தாள். சொன்னேன்.

“சட்டைய மாத்தாதீங்க,” என்றாள். “பொய்ச் சாட்சி சொன்ன எடத்துலயே போய் இதையும் சொல்லுங்க.”

சொன்னேன். யாரும் அழவில்லை. பாஸ்டரும் கட்டிப்பிடிக்கவில்லை.

நினைப்பு அன்றோடு போகவில்லை. துரத்தினால் அடுத்த மரத்தில் வந்து நிற்கும். அதனால் கத்தி வைக்குமுன் ஒவ்வொரு மரத்திலும் அவனுக்கு ஒரு நன்மையை ஆண்டவரிடம் வாய்விட்டுக் கேட்டேன். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், பாதியில் நிறுத்தி அழுதேன்.

“என்னண்ணே, மரத்தோட பேச்சு?” என்பான் பக்கத்து வரிசையிலிருந்து.

“ஒனக்காகத்தான்டா. வாய மூடிட்டு வெட்டு.”

மரத்தில் காயம் விழுவது நிற்கக் கிட்டத்தட்ட ஒரு வருடம் பிடித்தது. இன்றும் சில காலைகளில் அந்தக் கழுத்து தெரியும். அப்போது வெட்டாமல் நிற்பேன்.

வாசிக்கிறவர்களே, இதை யாருக்காவது சொன்னால் என்னை நல்லவனாக்கிச் சொல்லாதீர்கள். சபையில் ஒருதரம் அப்படி ஒரு கதையை நானே சொல்லிவிட்டேன். கத்தி கழுத்தில் இருந்ததையும், காயத்தைப் பூசியது யாரென்பதையும் விடாமல், இருந்தபடியே சொல்லுங்கள்.