பேர் வெட்டிய பித்தளை

வெள்ளிக்கிழமை வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. சானடோரியம் பக்கத்து ஏற்றுமதி வளாகத்தில் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். காலை ஷிப்டு இரண்டு மணிக்கு முடியும். ஒன்றரைக்கே கால் ஆட ஆரம்பித்துவிடும். "என்னம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?" என்று சூப்பர்வைசர் என் காலைப் பார்த்தே கேட்பார். மணி அடித்ததும் சாப்பாட்டு டப்பாவைக்கூடக் கழுவாமல் ஸ்டேஷனுக்கு ஓடுவேன். வீடு தாம்பரத்தில். நான் ஏறுவதோ எதிர்த்திசையில் பீச் ஸ்டேஷன் போகிற வண்டியில். குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம், அவ்வளவுதான். அந்த இரண்டு ஸ்டேஷனுக்கும் உட்கார மாட்டேன். இடம் காலியாகக் கிடந்தாலும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்காதது எதுவும் கிடையாது. ரோஜாச் செடி, கோழிக்குஞ்சு, ஒற்றைக் கட்டில் கால், ஓடாத கடிகாரம், எல்லாம் இருக்கும். எனக்கு அதெல்லாம் கண்ணிலேயே படாது. நேராகப் பழைய பாத்திர வரிசைக்குப் போய்விடுவேன். சாக்கை விரித்து அதன்மேல் பித்தளையும் செம்புமாகக் குவித்திருப்பார்கள். எவர்சில்வர் வந்த பிறகு வேண்டாம் என்று வீடுகளிலிருந்து இறக்கிப் போட்டவை. வாயில் களிம்பு பிடித்த தவலை, மூடி தொலைந்த கூஜா, பிடி ஆடுகிற தூக்குவாளி. நடுநடுவே பூப்போட்ட பீங்கான் தட்டு, ஊறுகாய் ஜாடி. குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுப்பேன். எல்லோரும் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். நான் விளிம்புக்குக் கீழே வெட்டியிருக்கிற பெயரைப் படித்துவிட்டு வைத்துவிடுவேன்.

கடைக்கார அக்காவுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா நீ, வாரா வாரம் வந்து குந்திக்கினு படிச்சிக்கினே கீற? இது இன்னா லைப்ரரியா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். நான் தேடியது என் பெயரை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் ஊர் குன்றத்தூருக்குப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. எனக்குப் பத்து வயது ஆனதிலிருந்து வருஷம் ஒன்றிரண்டு பாத்திரமாவது அம்மா வாங்கிவிடுவாள். பெண் பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அம்மாவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வாங்கின அன்றைக்கே பெயர் வெட்டியாக வேண்டும். பெயர் இல்லாத பாத்திரம் வீட்டுக்குள் வந்தால் ஆளுக்கு ஆள் எடுத்துப் புழங்கிவிடுவார்கள், கல்யாணத்துக்கு ஒன்றும் மிஞ்சாது என்பாள். கடை வாசலில் ஒருவர் உளியும் சின்னச் சுத்தியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா அவர் முன்னால் நின்று என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்வாள். முடிந்ததும் விரலால் தடவிப் பார்ப்பாள். "நல்லா ஆழமா வெட்டுங்க, தேய்க்கத் தேய்க்க அழிஞ்சிடக் கூடாது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். அவரும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டுவார்.

என் இருபத்திரண்டாவது வயதில் பரணில் இருபத்து மூன்று பாத்திரம் இருந்தது. அந்த வருஷம்தான் நான் கட்டின புடவையோடு வீட்டைவிட்டு வந்தேன். அது எண்பத்தைந்து. என் வீட்டுக்காரர் தாம்பரத்துக்காரர், கிறிஸ்தவர், எங்கள் கம்பெனியிலேயே துணி வெட்டும் பிரிவில் இருந்தார். ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம். அம்மா வரவில்லை. வந்து மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எழுதின கடிதங்களுக்கும் பதில் இல்லை.

அடுத்த வருஷம் பஸ்ஸில் எங்கள் தெருக்காரி ஒருத்தியைப் பார்த்தேன். நலம் விசாரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உன் பாத்திரம் ஒண்ணும் இப்ப பரண்ல இல்லடி. உங்கம்மா எல்லாத்தையும் கோணியில கட்டி எடைக்குப் போட்டுட்டாங்கன்னு ஊர்ல பேச்சு."

நான் இறங்கவேண்டிய இடத்துக்கு மூன்று ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன். எனக்குப் பாத்திரம் ஒன்றும் பெரிதில்லை. அலுமினியச் சட்டியில் சமைத்துச் சந்தோஷமாகத்தான் இருந்தோம். ஆனால் ஆழமாக வெட்டச் சொன்ன பெயரைத் தூக்கி எடைக்குப் போட்டுவிட்டாளே என்பதுதான் உறுத்தியது. கோபம் தணிந்தால் கூப்பிடுவாள் என்று நான் காத்திருந்தேன். எடைக்குப் போட்டாள் என்றால் அது கோபம் இல்லை, தலைமுழுகிவிட்டாள் என்று அர்த்தம். நடந்து வீட்டுக்கு வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். அதில் ஒன்றையாவது கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன். இந்தப் பக்கத்தில் எடைக்குப் போட்ட சாமான் எல்லாம் உடைபடாமல் தப்பித்தால் பல்லாவரம் சந்தைக்குத்தான் வரும் என்று கம்பெனியில் ஒருவர் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமையே போனேன்.

தேடினது கிடைக்கவில்லை. ஆனால் வெறுங்கையோடு திரும்பவும் முடியவில்லை. குந்தி உட்கார்ந்து அவ்வளவையும் கலைத்துவிட்டு எழுந்து போனால் அந்த அக்கா சும்மா விடுவாளா? ஒரு வாரம் ஒரு சொம்பு, ஒரு வாரம் முறுக்கு அச்சு, ஒரு வாரம் அஞ்சறைப் பெட்டி. சனிக்கிழமை சாயங்காலம் பின்பக்கத் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தேய்ப்பேன். முதலில் புளியை ஊறவைத்து உப்புப் போட்டுப் பிசைந்து பூசி அரைமணி விட்டுவிடுவேன். பச்சைக் களிம்பு நெகிழ்ந்து கறுப்புச் சாறாக வழியும். அப்புறம் தேங்காய் நாரில் செங்கல் தூளைத் தொட்டுத் தொட்டு அழுத்துவேன். உள்ளே இத்தனை மஞ்சள் இருந்ததா என்று ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அந்த ஆச்சரியம் ஒரு நிமிஷம்தான். பளபளவென்று ஆனதும் அதில் இருக்கிற பெயர் நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அது எவளோ ஒருத்தியின் பெயர். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. அவளுடைய அம்மாவும் கடை வாசலில் நின்று எழுத்து எழுத்தாகச் சொல்லியிருப்பாள் என்று தோன்றியதும் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். இவள் பாத்திரம் என் கைக்கு வருகிறது, என் பாத்திரம் எவள் வீட்டு அடுப்பில் இருக்கிறதோ என்று ஒரு ஆத்திரம். எழுந்து போய் அரத்தை எடுத்து வருவேன். பெயரின்மேல் அரம் போட்டு மட்டமாக்கி, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, மறுபடி புளி போட்டால் இடமே தெரியாது. கட்டைவிரலால் தடவினால் மட்டும் ஒரு சின்னப் பள்ளம் தட்டும். வெட்டியவர் கை எவ்வளவு அழுத்தமோ பள்ளமும் அவ்வளவு ஆழம். ஒரு பெயரை எடுக்க ஒரு சாயங்காலம் போகும்.

"இன்னிக்கு யார் வந்திருக்காங்க நம்ம வீட்டுக்கு?" என்று அவர் வந்து எட்டிப் பார்ப்பார். பெயரைச் சத்தமாகப் படித்து, "வாங்கம்மா, உட்காருங்க" என்று பாத்திரத்தைக் கும்பிடுவார். நான் அரத்தை எடுத்ததும், "வந்த ஆளை இப்படியா விரட்டுவே?" என்பார். எனக்குச் சிரிப்பு வராது. அவர் என்னைக் கேலி செய்தாரே தவிர, ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை குவியலின் அடியிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை இழுத்தேன். என் பெயர். எழுந்து நின்றுவிட்டேன். முந்தானையால் துடைத்துப் பார்த்தால் முன்னெழுத்து வேறு. எங்கள் அப்பாவின் எழுத்து இல்லை. அந்த அக்கா, "அட, கெடச்சிச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்கி வந்தேன். அன்றைக்குச் சனிக்கிழமைவரைகூடக் காத்திருக்கவில்லை. வந்த சூட்டிலேயே அரத்தை எடுத்து அந்த முன்னெழுத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.

"இன்ஷியலை ஏன் எடுத்தே?" என்றார் அவர்.

"துரு பிடிச்சிருந்தது."

"பித்தளைக்கு எப்பலேர்ந்து துரு பிடிக்குது?"

எழுந்து உள்ளே போய்விட்டேன். இரண்டு நாள் அந்தச் சொம்பில் தண்ணீர் குடித்தேன். மூன்றாம் நாள் வெட்கமாகிவிட்டது. திருடின பண்டம் மாதிரி அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அப்படியும் அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை.

இப்படியே ஏழு வருஷம் போனது. வீட்டில் கால் வைக்க இடமில்லை. எல்லாம் பளபளவென்று, பெயர் இல்லாமல்.

தொண்ணூற்று மூன்றில் தங்கையிடமிருந்து ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. நான் வீட்டைவிட்டு வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணத்துக்கு எனக்குச் சொல்லவில்லை. இப்போது குழந்தை பிறந்து, ஐந்தாம் மாதம் அம்மா அவளை மேடவாக்கத்தில் புருஷன் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தாள். "அம்மா பத்து நாள் இங்கதான் இருப்பாங்க. நீ குழந்தையப் பார்க்க வர்ற மாதிரி வா" என்று எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து பஸ் ஏறினேன். அப்போது மேடவாக்கத்தில் ஏரியும் வயலும்தான், நடுவில் நாலைந்து புது வீடுகள். வழியெல்லாம் அம்மாவிடம் என்ன பேசுவது என்று மனசுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டே போனேன்.

அம்மா கதவைத் திறந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. "வா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் இல்லாமல் காபி போட உள்ளே போய்விட்டாள். தங்கை குழந்தையை என் மடியில் கொடுத்தாள். எனக்கு உட்கார முடியவில்லை. குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மாவுக்குப் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன்.

மேல்தட்டில் பித்தளை வரிசையாக இருந்தது. தவலை, அடுக்கு, தூக்குவாளி, குண்டான். எல்லாவற்றிலும் தங்கை பெயர், இப்போது மெஷினில் போடுகிற மாதிரி மெல்லிய எழுத்தில். நான் ஒரு சொம்பை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது, கைப்பழக்கம். கட்டைவிரல் விளிம்பைச் சுற்றி வந்தது. தங்கை பெயருக்கு நேர் எதிர்ப்பக்கம் பள்ளம் தட்டியது. அடுத்ததை எடுத்தேன். அதிலும் இருந்தது. மூன்றாவதிலும் நாலாவதிலும் அதே பள்ளம்.

"அம்மா, இதெல்லாம் என்னோடது."

அம்மா பாலைப் பார்த்துக்கொண்டே, "இப்ப அவளோடது" என்றாள்.

"எடைக்குப் போட்டேன்னு சொன்னாங்களே?"

"யாரு சொன்னா? பரண்ல பார்த்தா தாங்க முடியல. கோணியில போட்டு நெல்லு ரூம்ல வெச்சிருந்தேன்."

"பேரை யார் எடுத்தது?"

"நான்தான்."

எடைக்குப் போட்டிருந்தால்கூட ஒரே நாளில் முடிந்திருக்கும். இது அப்படி இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து, மடியில் வைத்து, பார்த்துப் பார்த்துச் செய்தது.

"கடையில குடுத்திருந்தா அரைமணி நேரத்துல எடுத்துக் குடுத்திருப்பாங்களே. உனக்கு அவ்வளவு ஆத்திரமா என்மேல?"

"கடையில குடுக்க மனசு வரல." அடுப்பை அணைத்தாள். "அரம் போட்டா பாத்திரம் காயமாவும்னு உப்புத்தாள்லயேதான் தேய்ச்சேன். இவ கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு மாசம் ஆச்சு. ஆழமா வெட்டச் சொல்லிட்டேன் இல்ல. போவே மாட்டேன்னுடுச்சு."

ஒரு பெயரை உப்புத்தாளில் எடுப்பது என்னவென்று எனக்குத் தெரியும். எழுத்தின்மேல் விரலை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். பாதி போன பிறகும் அது படிக்க வரும். இருபத்து மூன்று தடவை அவள் அப்படி உட்கார்ந்திருந்தாள், நான் அங்கே பல்லாவரத்தில் சாக்குமேல் குந்தியிருந்தபோது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்மேல் கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்து வந்ததில் மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கினேன்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நகக்கண்ணில் கறுப்பு, கட்டைவிரலில் வெடிப்பு, புளி தின்ற தோல். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சட்டை தைக்கிற கை இப்படி ஆகாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீயும் தேய்க்கிறியா?"

தலையை ஆட்டினேன்.

"யார் பேரை?"

வாயைத் திறந்தேன். சந்தையில் அந்தப் பாத்திர வரிசையை மனப்பாடமாகச் சொல்வேன். எந்தப் பாத்திரம் எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்வேன். எத்தனையோ சாயங்காலம் மடியில் வைத்துத் தேய்த்தவற்றில் ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. ஒவ்வொன்றையும் ஓர் அம்மா எழுத்து எழுத்தாகச் சொல்லி வெட்டவைத்திருப்பாள்.

"தெரியலம்மா" என்றேன்.

அம்மா கையை விடவில்லை.