இரும்புத்தூள் எழுந்து நின்ற படம்

"...தொட்டா கலைஞ்சிரும் அங்கிள், நாளைக்குக் கண்காட்சி லா," என்றார் ஓவியர், கை நீட்டிய அங்கிளிடம். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில், காந்தத்தால் படம் செய்கிற பெண்மணி. நகமெல்லாம் கறுப்பு, படத்தருகே மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். மேசைக்கு அடியில் காந்தங்கள். மேலே வெள்ளைத்தாளில் இரும்புத்தூள் முள்முள்ளாய் எழுந்து நின்றது. புயலா, பூவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என்னோடு வந்த மசாஜ் கடை அங்கிளுக்குப் பார்வை கிடையாது. சிரித்துக்கொண்டே கேட்டார்: "காந்தம் இழுக்குறது உங்க கண்ணுக்குத் தெரியுமாம்மா?"

"அது யாருக்கும் தெரியாது அங்கிள்."

"அப்ப இதுல நம்ம ரெண்டு பேரும் ஒரே கேஸ்தானே லா."

ஓவியர் அங்கிளின் கையைப் பிடித்து, முட்கள் மிக உயரமாக நின்ற நட்டநடுவில் மெல்ல வைத்தார்.