தேனியில் ஏறியவர்

தூத்துக்குடியிலிருந்து கொச்சிக்குப் போகும் பகல் பஸ் மதுரை, தேனி, கம்பம், குமுளி வழியாகப் போகும். எனக்கு வேலை தூத்துக்குடியில், மீன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்தில். கணவர் கொச்சியில் கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கடற்கரையை விட்டு இன்னொரு கடற்கரைக்குப் போய் வருவேன். நடுவில் நான் பிறந்து வளர்ந்த தேனி. அங்கே பஸ் பத்து நிமிடம் நிற்கும். நான் இறங்கியதில்லை.

அப்பாவுக்குத் தேனி கடைவீதியில் மோட்டார், பைப் கடை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். நான் ஒரு மலையாளி இந்துவை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டேன். அப்பா கத்தவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. மார்க் ஷீட்டுகள், ஞானஸ்நான சர்டிபிகேட் என்று என் காகிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. நனையாமல் இருக்க பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பிரவுன் டேப்பால் நாலு பக்கமும் ஒட்டியிருந்தார். கடிதம் இல்லை. பிறகு நாலு வருடம் வீட்டோடு பேச்சில்லை.

அந்தச் சனிக்கிழமை முகூர்த்த நாள். ஆண்டிபட்டியிலேயே ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள். தேனியில் என் பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் இறங்கினார். நான் வழக்கம்போலத் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

"அக்கா, பெரியவரு கண்ணு ஆபரேசன் பண்ணிருக்காரு. இங்கன உக்காரட்டுமா?"

கண்டக்டரின் குரல். கண்ணைத் திறந்தேன். அப்பா நின்றுகொண்டிருந்தார். முகத்தில் பாதியை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி. இளைத்திருந்தார், சட்டைக் காலர் கழுத்தைவிட்டுத் தள்ளி நின்றது. கையில் துணிப்பை. நான் தலையை ஆட்டினேன். அவர் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். நிற்கவும் இடமில்லை. வீரபாண்டி தாண்டியது. வெளியே நாற்று நட்ட வயல்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் டிக்கெட் பார்த்துக்கொண்டு வந்தவர், "அக்கா, நீங்க கொச்சிதான?" என்றார்.

"ஆமா, கொச்சி."

பையின் காதைத் திருகிக்கொண்டிருந்த அப்பாவின் விரல்கள் நின்றன. கொஞ்ச தூரம் போனபிறகு, முன்சீட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"கம்பம் வந்தாச் சொல்லு. எனக்கு போர்டு சரியாத் தெரியல."

தெரியாத பெண்களிடம் அப்பா 'சொல்லும்மா' என்பார், இல்லாவிட்டால் 'சொல்லுங்க' என்பார். 'சொல்லு' என்றால் அது என்னிடம்தான்.

"சொல்றேன். எந்தக் கண்ணு?"

"இடது. வலதுக்கு அடுத்த மாசம்."

"அதுக்குள்ள எதுக்கு அலைச்சல்?"

"ஸ்கூட்டர் ஓட்டக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாக. பஸ்ஸைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

கம்பத்தில் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவருக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் எரிந்துவிட்டதாம். புதியது பையில் இருக்கிறதாம். கடையில் ஆள் இல்லையா என்று கேட்டேன். "இருக்கான். ஒயரைத் தப்பா மாத்திக் குடுத்துருவான்" என்றார்.

சின்னமனூருக்கு முன்னால் வாழைத்தார் லாரி ஒன்று ரோட்டின் குறுக்கே மாட்டிக்கொண்டது. டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். அப்பா மணி கேட்டார். பதினொன்று பத்து என்றேன். சட்டைப்பையிலிருந்து சின்ன மருந்து பாட்டிலை எடுத்தார்.

"பதினோரு மணிக்கு விடணும். உங்கம்மாதான் விடுவா."

பாட்டிலை நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்தேன். சானிடைசரில் கையைத் துடைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்தார். வெள்ளை விழியில் ஒரு மூலை இரத்தமாக இருந்தது. கீழ் இமையை இழுத்துப் பிடித்தேன். சோதனைக்கூடத்தில் சொட்டு விடுவது எனக்கு அன்றாட வேலை, அதனால் கை தானாகச் செய்தது. அந்தக் கண் முதலில் பஸ்ஸின் கூரையைப் பார்த்தது, அப்புறம் என்னைப் பார்த்தது.

"ஒண்ணு போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற வேறொரு அம்மாள் குனிந்து, "மகளா?" என்று அவரிடம் கேட்டார்.

"ஆமா, மகதான்."

கண் மூடியபடியே சொன்னார். அந்த அம்மாளுக்கு அது சாதாரணப் பதில். அவர் லாரியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

பஸ் கிளம்பியது. உத்தமபாளையம் தாண்டும்போது அப்பா கேட்டார்.

"அவருக்கு என்ன வேலை?"

"கப்பல் இன்ஜின் மெக்கானிக்."

"டீசலா?"

"டீசல்தான்."

அதற்குமேல் கேட்கவில்லை. கம்பம் வந்ததைச் சொன்னேன். "வாரேன்" என்று இறங்கிப் போனார். தோட்டக்காரர் வந்து பையை வாங்கிக்கொண்டார்.

கூடலூர் நெருங்கும்போதுதான் மருந்து பாட்டில் என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அதன் சீட்டில் இருந்தது, இனி ஒரு மணிக்கு விட வேண்டும். அம்மாவின் நம்பரை என் போனிலிருந்து எப்போதோ அழித்திருந்தேன். ஆனால் மனப்பாடம். அடித்தேன்.

"அம்மா, அப்பாவோட கண்ணு மருந்து எங்கிட்ட இருக்கு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. பிறகு, "நீ எங்கன இருக்க, ஆத்தா?" என்றாள்.

திரும்பிப் போய்க் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கூடலூரில் இறங்கினேன். "கொச்சி டிக்கெட்டுக்கா, இங்கன எறங்கினா எப்படி?" என்று கண்டக்டர் சலித்துக்கொண்டார். எதிரே வந்த டவுன் பஸ்ஸில் ஏறிக் கம்பம் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டு மெடிக்கல் கடை வாசலில், ஸ்டூல் ஒன்றில் அப்பா உட்கார்ந்திருந்தார். அம்மா போனில் சொல்லியிருக்கிறாள். தோட்டக்காரர் பைக்கோடு பக்கத்தில் காத்திருந்தார். அப்பாவின் கையில் புது மருந்து பாட்டில் ஒன்று இருந்தது.

"இங்கயே கெடைக்குது. இதுக்காகவா எறங்குன?"

"தெரியாதுல்ல."

அவர் பழைய பாட்டிலை வாங்கிப் புதியதோடு சேர்த்துச் சட்டைப்பையில் போட்டார். எனக்குப் பசித்தது. மூன்று பேரும் எதிர்க் கடையில் சாப்பிட்டோம். தோட்டக்காரர் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஒரு மணிக்குக் கை கழுவிவிட்டு வந்து மருந்து விட்டேன். அப்பா என்னைக் குமுளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் நகரும் முன்பே பைக்கில் ஏறிப் போய்விட்டார். இருட்டுவதற்குள் மோட்டார் ஓட வேண்டும் என்ற அவசரம். குமுளியில் மாறி, கோட்டயத்தில் மாறி, கொச்சி போய்ச்சேர இரவாகிவிட்டது. கணவர் ஏன் தாமதம் என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு, சோறு சூடாக்கப் போனார்.

அடுத்த மாதம் வலது கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டுவிட்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேசியது கொஞ்சம்தான். கணவர் இன்னும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அப்பா கூப்பிடவில்லை, இவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் இப்போது கொச்சி போகிற வழியில் தேனியில் இறங்கி, வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறேன். அப்பா அந்த நேரத்தில் பெரும்பாலும் கடையில் இருப்பார். சில நாள் சாப்பிட வருவார்.