பின் இருக்கை

இருநூற்றிருபது சிசி ஸ்போர்ட்ஸ் பைக் புதிதாக வந்திருந்த நேரம். வீட்டில் நூல் பிசிறு வெட்டி முடித்த பனியன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தினமும் ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் கம்பெனிக்குக் கணவரின் பின்னால் உட்கார்ந்து வருபவள் நான். கணவர் அந்த பைக்கை வாங்க ஆசைப்பட, ஒருநாள் மூட்டையோடே ஷோரூம் போனோம். அவர் ஓட்டிப் பார்த்தபோது, முக்காலி போல உயர்ந்த பின் சீட்டில் ஒவ்வொரு பிரேக்குக்கும் சரிந்தேன்.

"நூத்தம்பது சிசியே போதுங்க," என்றேன்.

"வண்டி விசயம் அண்ணனுக்குத் தெரியுமுங்க அக்கா," என்று விற்பனையாளர் சிரித்தார். கணவரும் சேர்ந்து சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டையை விற்பனையாளர் கையில் திணித்தேன். "நீங்க இதோட பின்னால உக்காந்து ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

கணவர் ஓட்ட, ஒரு சுற்று போய்த் திரும்பி வந்த விற்பனையாளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"பின்னால உக்கார ரொம்பச் சிரமமாங்க?" கணவர் அவரிடம் அக்கறையாகக் கேட்டார்.

நூற்றைம்பதுதான் வாங்கினோம். ஆனால் இத்தனை வருடமாகப் பின்னால் உட்கார்ந்து வரும் என்னிடம், அந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.