ஹேண்டில் பூட்டாமல் விட்ட ஸ்கூட்டர்

பெரும்பாறையிலிருந்து மதுரைக்குப் போக எங்களுக்கு வழி ஒன்றுதான். காலைப் பேருந்து கீழே சேர்வதற்குள் ரயில் போய்விடும். அதனால் ஸ்கூட்டரில் மலையிறங்கி, ரயில் நிலையத்து வண்டி ஸ்டாண்டில் அதை விட்டுவிட்டு ரயிலேற வேண்டும். அந்தத் தகரக் கொட்டகை இல்லையென்றால் எங்களூருக்கு மதுரையில் டாக்டரும் இல்லை, கோர்ட்டும் இல்லை.

அங்கே ஒரு வழக்கம். ஹேண்டிலைப் பூட்டக் கூடாது. இடம் பற்றாதபோது ஸ்டாண்டுக்காரர் வண்டிகளை நகர்த்தி நெருக்கி வைப்பார். தெரிந்திருந்தும், மனைவியைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போன அன்று நான் எண்ணித்தான் வைத்தேன்: மூன்றாவது வரிசை, தூணிலிருந்து ஏழாவது. எண்ணாமல் எதையும் விட்டுப் போக எனக்கு வராது.

மறுநாள் மாலை திரும்பினோம். அவள் கண்ணில் கட்டு. தலை அதிகம் குலுங்கக் கூடாதென்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மேகம் இறங்குவதற்குள் வீடு சேர வேண்டும். இறங்கிவிட்டால் எனக்குச் சாலையின் ஓரம் தெரியாது, பள்ளத்துக்கெல்லாம் வண்டி குதிக்கும்.

ஏழாவது வண்டி சாம்பல் நிறம்தான். மலைக்காரர்கள் எல்லோரும் கட்டுவதுபோல் இருக்கையில் சாக்கும் இருந்தது. சாவி சற்று முரண்டுபிடித்துத் திரும்பியது. கிளம்பினோம்.

அடிவாரத்தில் அவள் என் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, சீட்டு மெத்துன்னு இருக்கே. நம்ம வண்டிதானா?"

"எண்ணித்தானே எடுத்தேன்."

"எண்ணுனீங்க. பாத்தீங்களா?"

இறங்கி இருக்கையைத் தூக்கினேன். என் மழைக்கோட்டு இல்லை. மிளகுக்கொடி கட்டும் கயிறு சுருண்டு கிடந்தது. அப்போதுதான் நம்பரைப் பார்த்தேன். எங்களுடையதில்லை. என் சாவி இதில் எப்படித் திரும்பியது? நான் தப்பாக எண்ணினேனா, ஸ்டாண்டுக்காரர் நகர்த்தினாரா? மேலே மலை பாதி மறைந்திருந்தது. இப்படியே வீடு போய், காலையில் கொண்டுவந்து கொடுத்தால் என்ன என்றேன்.

"அவுகளுக்கும் வீடு மேலதான இருக்கும். திருப்புங்க."

ஸ்டாண்டில் என் ஸ்கூட்டர்மேல் ஒருவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நான் ஓட்டிப்போன வண்டி அவருடையது; எங்களூருக்கும் மேலே காப்பித் தோட்டத்தில் வேலை பார்ப்பவராம்.

"ஓட்டிப் பாத்தீங்களே ஐயா, பிரேக்கு பிடிக்குதா?"

ஸ்டாண்டுக்காரரிடம் திரும்பினேன். "நீங்க நகத்துனீங்களா?"

"நகத்திருப்பேன். நகத்தாமயும் இருந்திருப்பேன். எல்லாம் ஒரே கலரு, ஒரே சாக்கு. நான் எதக் கண்டேன்?"

தோட்டக்காரர் என் மனைவியின் கண்கட்டைப் பார்த்தார். "மேகம் எறங்கிருச்சு. என் பின்லைட்டப் பாத்துக்கிட்டே மெதுவா வாங்க. பள்ளம் எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும்."

நான் என் வண்டியை வரிசையிலிருந்து எடுத்துத் திரும்புவதற்குள் அவள் அவருடைய வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இதுலயே வாரேன். சீட்டு நல்லாருக்கு."

கோபப்படுவதா நிம்மதியடைவதா என்று தெரியாமல் பின்தொடர்ந்தேன். வெள்ளையாய்க் கிடந்த மேகத்துக்குள் அந்தச் சிவப்பு விளக்கு எங்கும் குதிக்கவில்லை. வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன், ஐந்துக்குமேல் குழம்பிவிட்டது. முன்னால் அவள் ஏதோ சொல்ல, அவர் சிரிப்பது கேட்டது.