ஒன்பதாம் எண்ணுக்கு எதிரே

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, ஃபேரர் பார்க் திடலில் நடந்தது இது. மணி நாலு முப்பத்தைந்து, தூறல் என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது.

அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த நான், எங்கள் வட்டாரத் தமிழர்கள் நடத்திய சிறிய காற்பந்துக் குழுவுக்குச் செயலாளராகவும் இருந்தேன். ஆட்டத்துக்கு முன் பதினொரு பெயர்களை எழுதி நடுவரிடம் கொடுப்பது என் பொறுப்பு. கொடுத்தபின் ஒரு பெயரையும் மாற்ற முடியாது.

எங்கள் மேனேஜர்தான் ஐம்பதுகளில் எங்கள் சென்டர் ஃபார்வர்ட். பத்து ஆண்டுகள் ஒன்பதாம் எண் சட்டை அவருடையது. முழங்கால் கெட்டதால் முப்பத்தெட்டு வயதில் ஆட்டத்தை விட்டு மேனேஜரானார். தன் இடத்துக்குத் துறைமுகத் தொழிலாளியான ஓர் இளைஞனை மாதக்கணக்கில் தயார் செய்திருந்தார். அன்று ஜெயித்தால்தான் முதல் டிவிஷனில் நீடிப்போம்.

நடுவர் தாளை வாங்கிப் பெயர்களை உரக்கப் படித்தார். ஒன்பதாம் எண்ணுக்கு எதிரே, பத்தாண்டுப் பழக்கத்தில் என் கை மேனேஜரின் பெயரை எழுதியிருந்தது. ஆட்டக்காரராக அவருடைய பதிவு இன்னும் ரத்தாகவில்லை. அதனால் அந்தப் பெயர் செல்லும். இளைஞன்தான் ஆட முடியாது.

மேனேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “பத்துப் பேரோட ஆடிடலாமா?” என்று கேட்டேன். அவர் இளைஞனிடம் போய், “உன் பூட்ஸைக் கழட்டு. நான் ஆடுறேன்” என்றார்.

“ஏண்ணே, நேத்துகூட நான்தான்னு சொன்னீங்களே?”

“மனசு மாறிடுச்சு லா.”

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இளைஞன் பூட்ஸைக் கழற்றி அவர் காலடியில் போட்டுவிட்டு விலகிப் போனான்.

கூட்டத்தில் ஒருவர், “அண்ணே, கைத்தடிய மறந்துட்டீங்க!” என்றார். “மேனேஜர் ஆகியும் ஆசை விடல பாரு” என்றார் இன்னொருவர். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அதன் பிறகு பார்த்ததெல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருந்தது. தூறல் கனத்து, எதிர்க் கோல் கம்பங்கள் வெளிறிப் போயின. பாதிக்கு மேல் அவர் நடந்துதான் ஆடினார். ஆனாலும் எதிரணியின் தற்காப்பாளர்கள் இருவர் அவரை விட்டு நகரவில்லை. பழைய பயம் அவர்களுக்குப் போகவில்லை.

ஆட்டம் முடிய ஆறு நிமிடம். இரு தரப்பும் கோல் போடவில்லை. வலப்பக்கத்திலிருந்து பந்து ஈரப்புல்லில் வழுக்கிக்கொண்டு அவரிடம் வந்தது. உதைக்கக் காலை ஓங்கினார். இருவரும் அவர்மேல் பாய்ந்தார்கள். அவர் உதைக்கவில்லை. கால்களை அகற்றிப் பந்தை நடுவே போகவிட்டார். பின்னால் யாரும் கவனிக்காமல் நின்ற எங்கள் இடப்பக்க ஆட்டக்காரர் அதை வலைக்குள் தள்ளினார்.

மேனேஜர் புல்லில் உட்கார்ந்தார்; எழவில்லை. முழங்கால் அன்றோடு போயிற்று. இரண்டு பேர் தூக்கி வந்தபோது என்னிடம், “கிராணி, கோல் போட்டது யாருன்னாவது சரியா எழுதுங்க” என்றார்.

நாங்கள் முதல் டிவிஷனில் நீடித்தோம். ‘ஆசை விடாத மேனேஜர்’ என்ற கேலியும் நீடித்தது. இளைஞன் கோபத்தில் குழுவை விட்டே போய்விட்டான். நாட்குறிப்பில் அன்றிரவே உண்மையை எழுதிய எனக்கு, அவனிடம் அதைச் சொல்ல எட்டு மாதம் ஆயிற்று. கேட்டுவிட்டு அவன் சைக்கிளைத் திருப்பி, மேனேஜர் வீட்டுப் பக்கம் மிதித்தான்.

இன்றும் ஒரு தாளில் யார் பெயரையாவது எழுதி முடித்ததும் என் கை சற்று நிற்கிறது. அந்த மழையில், என் பிழையைத் தன்னுடையதாக்கிக்கொண்ட ஒரு மனிதர், தன் கோலையும் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து நிற்பது கண்ணில் தெரிகிறது.